மாற்று சைக்கிள்

காலையில் ஃபிர்மினுக்கு அந்தப் பழைய சட்டையைப் போட்டுவிடும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஒரு வருடமாக எனக்கு எதுவும் முன்கூட்டித் தெரிவதில்லை, நடந்த பிறகும் உறைப்பதில்லை. டாக்டர் என் கணவன் ஃபிர்மினின் மூளைப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இங்கே பாருங்கள், அங்கே பாருங்கள் என்று காட்டிய நாளிலிருந்து இப்படித்தான். வீட்டுக்கு வந்து அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டேன்.

சட்டை மஞ்சளும் கறுப்பும், மார்பில் ஏழு கோடுகள். ஏழு வயல் தொடரை வென்றவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். இலை உதிரும்போது தொடங்கிப் பிப்ரவரிச் சேற்றில் முடியும் ஏழு சைக்கிள் பந்தயங்கள், ஏழு ஊர்கள். கடைசிப் பந்தயம் எப்போதும் எங்கள் ஊரான ஸ்வார்தபேக்கில். அன்றைக்குப் பழைய வெற்றியாளர்கள் எல்லாரும் அவரவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பீர்க் கூடாரத்து மேடையில் ஏற வேண்டும். சட்டை பற்றாவிட்டாலும் போட்டே ஆக வேண்டும். தொப்பை பிதுங்க நின்றால்தான் சனம் கைதட்டும். இந்த வழக்கத்தை எவன் ஆரம்பித்தானோ, அவன் தலையில் இடி விழ.

ஃபிர்மினுக்கு மட்டும் சட்டை கச்சிதமாக இருந்தது. இரண்டு முறை வென்றவன். நோய் வந்து இளைத்ததில் பழைய உடம்பே திரும்பி வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டான்.

"டயர்ல காத்து எவ்வளவு வச்சிருக்க?" என்று என்னைக் கேட்டான்.

"அன்னலீனோட சைக்கிளுக்கா?"

"யாரோடதுக்கோ. கம்மியா வை. ராத்திரி மழை பேஞ்சிருக்கு."

மழை பெய்தது உண்மைதான். மகள் பெயர் மறந்தாலும் டயர் மறக்கவில்லை. வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். காற்றைக் குறைத்தேன்.

அன்னலீன் எங்கள் ஒரே மகள். வயது முப்பத்துமூன்று. மூன்று வருடமாக இந்தத் தொடரில் இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தாள். இந்தப் பந்தயத்தோடு நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டாள். மார்ச்சிலிருந்து பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை வேலை. கூடாரத்தில் ஒரு நீளமான ஓக் மரப் பலகை உண்டு, வென்றவர்கள் பெயரெல்லாம் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். அப்பா பெயரும் மகள் பெயரும் சேர்ந்து அதில் ஏறியதே கிடையாது. இந்த வருடம் கணக்கு ரொம்ப எளிது. அவளும் சில்கே என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் சமப் புள்ளியில் நின்றார்கள். இரண்டு பேரில் யார் முன்னால் வருகிறாளோ அவளுக்குத்தான் தொடர், அவள் பெயர்தான் பலகையில்.

வேனில் அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் ஆரம்பித்தேன்.

"இன்னைக்கு அப்பா பிட்ல நிக்க வேணாம். நான் ரெண்டு வேலையும் பாத்துக்கறேன்."

பிட் என்றால் பாதையோரம் சைக்கிள் மாற்றும் இடம். இங்கே சேறு சக்கரத்தில் அப்பிக்கொண்டால் சைக்கிள் நகராது. அதனால் ஒரு சைக்கிளில் அவள் போவாள், இன்னொன்று கழுவித் துடைத்து எங்கள் கையில் தயாராக இருக்கும். பிட்டுக்குள் வந்து குதிப்பாள். அழுக்கு சைக்கிளை நான் பிடிக்க வேண்டும். நாலு எட்டு தள்ளிச் சுத்தமான சைக்கிளோடு ஃபிர்மின் நிற்பான். அதை வாங்கிக்கொண்டு பறந்துவிடுவாள். அவள் பள்ளிப் பெண்ணாக ஓட்ட ஆரம்பித்த காலத்திலிருந்து அவன் அந்த இடத்தில் நின்று பிடிக்கிறான்.

"அப்பாதான் நிக்கணும்," என்றாள் அன்னலீன்.

"காலையில உன் பேரே அவனுக்கு வரல."

"என் பேரு எதுக்கும்மா? சைக்கிளப் பிடிக்கத் தெரியுதுல்ல."

"தப்பாப் போச்சுன்னா?"

"இந்த வருஷம் ஆறு பந்தயம். ஒண்ணுலயாவது தப்பாச்சா?"

ஆகவில்லைதான். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்திருக்கிறாள். ஆனால் அப்பன் பந்தயம் ஓட்டி அவள் பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே முதுகெலும்பு நழுவி அவன் நிறுத்திவிட்டான். அப்புறம் தெருமுனைக் கடைக்குப் போகக்கூடச் சைக்கிள் எடுத்ததில்லை. போட்டி இல்லாமல் எதற்குச் சைக்கிள் என்பான். வீட்டு நடையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது, முகமெல்லாம் சேறு, பல் மட்டும் தெரியும். அவளுக்கு அதுதான் அப்பன் ஓட்டியது.

கூடாரத்தில் எத்தியென் எங்களைப் பிடித்துக்கொண்டான். ஃபிர்மின் வென்ற இரண்டு வருடமும் இரண்டாவதாக வந்தவன், ஃபிர்மின் நிறுத்திய பிறகு ஒரு முறை வென்றவன். சில்கே அவனுடைய பேத்தி. சட்டைக்குள் வயிற்றை எப்படித் திணித்தானோ, கோடுகள் ஏழும் ஏழு பக்கம் இழுத்துக்கொண்டு போயின.

"என்ன லூட், இன்னைக்காவது சிரிப்பியா?" என்றான். என் முழுப் பெயர் லூட்கார்ட், அதைக் கூப்பிட இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது.

"உன் தொப்பையப் பாத்ததுலேர்ந்து அடக்கிக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

"சிரிச்சுரு. சாயங்காலம் பலகையில என் பேத்தி பேர எழுதறப்போ உனக்குச் சிரிப்பு வராது."

"பெயின்ட் காயட்டும், அப்புறம் பேசு."

அவன் சிரித்துக்கொண்டே ஃபிர்மினுக்கு ஒரு சின்னக் கோப்பையில் ஜெனேவர் சாராயம் நீட்டினான். ஃபிர்மின் அதைத் தள்ளிவிட்டு, "ஓட்டறதுக்கு முன்னாடி குடிக்க மாட்டேன்," என்றான். எத்தியென் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மேடையில் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். ஃபிர்மின் நேராக நடந்து போய் நின்றான். கைதட்டல் கூடாரத் துணியை அதிர வைத்தது. மைக் பிடித்த ஆள், "சொல்லுங்க ஃபிர்மின், இன்னைக்கு ஜெயிக்கப் போறது யாரு?" என்று கேட்டான்.

"நான்தான்," என்றான் ஃபிர்மின்.

கூடாரமே சிரித்தது. பீர் சிந்தியது. நல்ல வேளை, தமாஷ் பண்ணும் அளவுக்கு இன்றைக்குத் தெளிவாக இருக்கிறான் என்று நானும் நினைத்தேன். எனக்கும் புத்தி அவ்வளவுதான்.

கீழே இறங்கியதும் சட்டையைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றான். இழுத்துப் பார்த்தேன், என் கையைத் தட்டிவிட்டான். பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் எதற்கு மல்லுக்கட்டு என்று மேலே தடித்த கோட்டைப் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டு, பிட்டுக்குக் கூட்டிப்போனேன்.

பந்தயம் தொடங்கியதும் வேலைதான், யோசிக்க நேரம் கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது. அவள் வருவாள், அழுக்கு சைக்கிளைப் பிடிப்பேன், பிரஷர் பம்ப்புக்கு ஓடுவேன், சேற்றை அடித்துவிட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு ஃபிர்மின் கையில் கொடுப்பேன். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. மூன்றாவது சுற்றிலேயே விரலெல்லாம் மரத்துப் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் ஃபிர்மின் சீட்டின் பின்னால் பிடித்து, லேசாக முன்னால் தள்ளி, அவள் உட்காரும் நேரம் பார்த்துக் கையை எடுத்தான். இந்தத் தொடர் முழுக்க அவனைப் போல அழகாகச் சைக்கிள் கொடுக்க ஆள் இல்லை. பக்கத்துக் கட்டத்தில் எத்தியென் பேத்திக்காகச் சைக்கிளோடு நின்றான். சும்மா சொல்லக் கூடாது, அவனும் சுத்தமான வேலைக்காரன்.

மற்றவர்களெல்லாம் எப்போதோ பின்தங்கிவிட்டார்கள். அன்னலீனும் சில்கேயும் மட்டும் தோளோடு தோள் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. அந்தச் சுற்றில் கடைசியாக ஒரு முறை பிட்டுக்கு வர வேண்டும். அதற்கப்புறம் தடுப்புக் கட்டைகள், மரப்படி, நீளமான புல்வெளி, ஒரு செங்குத்து வளைவு, முடிவுக் கோடு. அவ்வளவுதான் பாக்கி.

நான் என் இடத்தில் ஃபிர்மினுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அழுக்கு சைக்கிளைப் பிடிக்கிறவள் அப்படித்தான் நிற்க முடியும், வருகிற பக்கம் பார்த்துத்தான். சனம் வேலிமேல் விழுந்து கத்தியது. இரண்டு பேரும் ஒன்றாகவே வந்தார்கள். அன்னலீன் குதித்தாள், சைக்கிளை என்மேல் எறிந்தாள், என்னைத் தாண்டி ஓடினாள். பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

ஃபிர்மின் இல்லை. அவன் கோட்டு வேலியில் ஒழுங்காக மாட்டியிருந்தது. மஞ்சளும் கறுப்புமாக ஒரு முதுகு, சுத்தமான சைக்கிளில், பிட்டை விட்டு வெளியே பாதையில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஃபிர்மின்," என்று கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை.

அன்னலீன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வெறுமனே நின்றாள். பக்கத்தில் சில்கே பளபளவென்ற சைக்கிளை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டாள். எத்தியென் வாயைத் திறந்தபடி நின்றான். அன்னலீன் என்னிடம் திரும்பி ஓடி வந்தாள். அந்த அழுக்கு சைக்கிளையே அவள் கையில் திணித்தேன். சக்கரத்தில் சேறு ரொட்டி மாவாக ஒட்டியிருந்தது. அவள் ஏறிப் போனாள்.

நான் என் மகளின் வாழ்க்கையைப் பாழாக்கியவனைத் திட்ட வேண்டும் என்று நினைத்தேன். அல்லது அவன் விழுந்து முதுகை உடைத்துக்கொள்வான் என்று பதற வேண்டும். ஒன்றுமே வரவில்லை. காலிக் கையோடு நின்று, பக்கத்து வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். கொடி பிடித்து நின்ற ஆட்கள் யாரும் அவனை நிறுத்தவில்லை. பழைய வெற்றியாளர்கள் காட்டும் வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். சனம் அவன் பெயரைச் சொல்லிக் கூவ ஆரம்பித்தது.

அங்கிருந்து தடுப்புக் கட்டைகள் தெரியும். அதற்கு முன்பே சில்கே அவனைத் தாண்டிப் போய்விட்டாள். இரண்டு கட்டை, முழங்கால் உயரம். அறுபத்தேழு வயது மனுஷன் ஓடுகிற சைக்கிளிலிருந்து வலது காலைப் பின்னால் சுழற்றி, இடது காலுக்கு உள்ளே விட்டு, இறங்கியது தெரியாமல் இறங்கினான். கட்டையைத் தாண்டினான். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மரப்படியில் ஓடினான். மாத்திரை டப்பாவைத் திறக்கத் தெரியாத கை அது.

படிக்கு மேலே அன்னலீன் அவனை எட்டிவிட்டாள். அங்கே பாதை குறுகல். சேற்றில் ஒரே ஒரு தடம்தான் ஓட்டுகிற மாதிரி இருக்கும். அவள் இடது பக்கம் நுழைந்தாள். ஃபிர்மின் முழங்கையை விரித்து அடைத்தான். வலது பக்கம் போனாள். அங்கேயும் அடைத்தான். பின்னால் வருகிறவள் யாராக இருந்தால் அவனுக்கு என்ன, பந்தயக்காரன் வழி விடுவானா?

அப்புறம் புல்வெளி. நல்ல அகலம், நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். அந்தக் கோடியில் சில்கே செங்குத்து வளைவில் திரும்பினாள், முன்சக்கரம் வழுக்கியது, விழுந்தாள். சங்கிலி கழன்றுவிட்டது. எத்தியென் "எந்திரி, எந்திரி" என்று என் காதுக்குள் கத்தினான். அவள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே ஓட ஆரம்பித்தாள்.

இன்னும் கெட்டுப்போகவில்லை என்று எனக்கே தெரிந்தது. அப்பனைத் தாண்டி ஒரு மூச்சு மிதித்தால் போதும், சில்கேயைப் பிடித்துவிடலாம். வேலியில் நின்ற அத்தனை பேரும் அன்னலீனுக்குக் கை காட்டினார்கள். அவள் தாண்டவில்லை. ஃபிர்மினின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தாள். அவன் வேகம் எவ்வளவோ அவ்வளவு வேகம்.

சில்கே ஓடிப்போய் முடிவுக் கோட்டைத் தொட்டாள். பின்னால் ஃபிர்மின் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் பின்னால் அன்னலீன்.

ஒரு அதிகாரி வந்து என்னிடம் கொஞ்சம் கத்தினார். கத்தி முடித்து, ஃபிர்மினைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். முடிவில் மாற்றமில்லை. சில்கே முதல், அன்னலீன் இரண்டாவது. கூடாரத்தில் ஏணி போட்டுப் பலகையில் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

ஃபிர்மினை வேனில் கம்பளி போர்த்தி உட்கார வைத்துவிட்டு நானும் அன்னலீனும் வெளியே சைக்கிள் கழுவினோம். தோற்றாலும் கழுவித்தான் ஆக வேண்டும், சேறு காய்ந்தால் இரட்டை வேலை. எத்தியென் காகிதக் கூம்பில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டு வந்தான், மேலே மயோனைஸ் வழிந்தது. பேத்தி வென்ற சந்தோஷத்தை முகத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினான்.

"கட்டையில எறங்கினானே, பாத்தியா?" என்றான். "ரெண்டு வருஷம் அந்த முதுகு பின்னாடியே ஓட்டினவன் நான். அதே முதுகு, லூட். கொஞ்சம்கூட மாறல."

"நாசமாப் போன முதுகு," என்றேன்.

அவன் வறுவலை என் கையில் வைத்துவிட்டுப் போனான். சூடு தெரியவில்லை. அன்னலீன் தூரிகையால் சங்கிலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கேட்டேன்.

"புல்வெளியில தாண்டியிருக்கலாமே?"

"தாண்டியிருக்கலாம்."

"சில்கே விழுந்தத பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்புறம் என்னடி?"

அவள் தூரிகையைத் தண்ணீரில் நனைத்தாள்.

"தாண்டிட்டா அப்பா பின்னாடி போயிருவாரும்மா. அவரு ஓட்டி நான் பாத்ததே இல்ல."

அவளை ஓங்கி அறையலாமா என்று இருந்தது. கட்டிப்பிடிக்கலாமா என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பம்ப்பை எடுத்துச் சக்கரத்தில் தண்ணீர் அடித்தேன்.

"நல்லா ஓட்டறாரு," என்றாள் அவள், தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

வேனுக்குள் பட்டாணிச் சூப்பைச் சூடு பண்ணினேன். ஃபிர்மின் சட்டையைக் கழற்றாமல் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தான். கன்னம் சிவந்திருந்தது. அவனை அவ்வளவு நிம்மதியாகப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. அன்னலீன் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, சேறு பிடித்த ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். அவன் அவளைக் குனிந்து பார்த்தான். அவளுடையது சேறு கழுவாத முகம், யார் என்று அவனுக்குப் பிடிபடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் மரியாதையான மனுஷன், கேட்க மாட்டான்.

"எனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு வந்தாளே," என்று அவளிடமே ஆரம்பித்தான். "யாரு அது?"

"தெரியல," என்றாள் அன்னலீன். "எப்படி ஓட்டினா?"

"நல்லா ஓட்டறா. கால்ல தெம்பு இருக்கு, மூச்சுச் சத்தத்துலயே தெரிஞ்சுது. புல்வெளி வந்ததும் போச்சுடா, தாண்டிருவான்னு நெனச்சேன். என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல." அவன் புருவத்தைச் சுருக்கினான். "ஆனா தாண்டல. ஏன்னு புரியல."

"உங்க பின்னாடி வர்றது அவளுக்குப் பிடிச்சிருந்துதோ என்னவோ."

ஃபிர்மின் யோசித்தான். பந்தய விஷயத்தில் அவன் ஒருபோதும் முகஸ்துதி பேசியவன் இல்லை. நோய் எதை எதையோ எடுத்துக்கொண்டு போனது, அதைத் தொடவில்லை.

"அப்படின்னா அவ ஜெயிக்க மாட்டா," என்றான். "பாவம். அந்த மாதிரி ஆளுங்க பேரு பலகையில ஏறாது."

"ஆமா, ஏறாது," என்றாள் அன்னலீன். ஷூவைக் கழற்றிவிட்டு, ஈரக் காலுறையை உருவி, அவன் பாதத்தைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடேற்ற ஆரம்பித்தாள்.

நான் சூப்புக் கரண்டியோடு நின்றிருந்தேன். ஒரு வருடமாக வராதது அப்போது வந்தது. அடக்கத் தெரியவில்லை, அடக்கவும் தோன்றவில்லை. அடுப்பைப் பிடித்துக்கொண்டு வேன் கேட்க அழுதேன்.

"பாரு இவள," என்றான் ஃபிர்மின், காலடியில் இருந்த பெண்ணிடம். "புருஷன் ஜெயிச்ச அன்னைக்குப் போய் அழுறா."